கடவுள் செருமுவதில்லை

குருநகரில் யாரை மறித்துக் கேட்டாலும் கடவுளின் குரல் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுவார்கள். மற்ற ஊர்க்காரர் வேதாகமத்தைப் புரட்டட்டும், தியானத்துக்குப் போய் மூன்று நாள் வாய்மூடி இருக்கட்டும். இங்கே அந்தச் சிரமம் இல்லை. கடவுளின் குரல் என்றால் கிறிஸ்துநாயகத்தின் குரல், அவ்வளவுதான்.

ஒவ்வொரு தவக்காலத்திலும் கோயில் வளவில் மேடை போட்டுத் திருப்பாடுகளின் காட்சி நடக்கும். ஏதேன் தோட்டத்தில் தொடங்கிக் கல்வாரியில் முடியும். யேசுவாக நடிப்பவர் மாறுவார், யூதாஸ் மாறுவான், ஏவாளாக வந்த பிள்ளை கலியாணம் முடித்துக் கனடாவுக்குப் போய்விடும். கடவுள் மட்டும் மாறமாட்டார். திரைக்குப் பின்னால் ஒரு முக்காலியில் கையில் மைக்கோடு கிறிஸ்துநாயகம் இருப்பார். கடலில் காற்றை மீறிக் கத்திக் கத்தி உரமேறிய குரல் அது. ஒலிபெருக்கியில் வந்தால் நெஞ்சாங்கூடு அதிரும். அவரிடம் இருந்த குறை ஒன்றே ஒன்று. செருமாமல் அவருக்கு வாய் திறக்க வராது. மைக்கைத் தள்ளிப் பிடித்துச் செருமுங்கோ அண்ணை என்று எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தாயிற்று. 'க்ஹும்' என்ற சத்தம் முதலில் ஊர் முழுக்கப் போகும், அதன் பிறகுதான் கடவுள் பேசுவார். இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது உறைப்பதே இல்லை.

ஆனால் இது அவருடைய கதை இல்லை. அவருடைய கடைசித் தங்கை மெற்றில்டாவின் கதை. அவளுடைய கதையிலும் அவர்தான் முன்னுக்கு வந்து நிற்கிறார் என்பதுதான் சிக்கலே.

மெற்றில்டா பிறந்தபோது கிறிஸ்துநாயகத்துக்கு மீசை அரும்பிவிட்டது. தகப்பன் கடலோடு போன பிறகு தூக்கி வளர்த்தவர் அவர்தான். ஆறு வயதில் முதல்வரிசைப் பாயில் இருத்திக் காட்சி பார்க்க வைத்ததும் அவருடைய ஏற்பாடுதான். விளக்குகள் அணைந்தன. மேடையில் ஏவாள் பழத்துக்குக் கையை நீட்டினாள். மேலே எங்கிருந்தோ, 'க்ஹும். மகளே, அது உனக்கு உரியதன்று' என்று ஒரு குரல் வந்தது. மெற்றில்டா பயத்தில் பாயோடு ஒட்டிக்கொண்டாள். அன்றைக்கு உள்ளே போன குரல் பிறகு வெளியே வரவேயில்லை.

அவள் செபம் செய்கிற பிள்ளை. சும்மா வாயால் ஒப்புவிக்கிற செபம் இல்லை, எதையும் ஆண்டவரிடம் கேட்டுத்தான் செய்வாள். படிப்பு முடித்த கையோடு தாதிப் பயிற்சிக்குப் போக ஆசை வந்தது. பீடத்தின் முன்னால் முழந்தாளிட்டுக் கேட்டாள். உள்ளுக்குள் ஒரு செருமல், பிறகு அந்த வசனம்: மகளே, அது உனக்கு உரியதன்று. போகவில்லை. அண்ணன் பார்த்த இடத்தில் கழுத்தை நீட்டினாள். புருசன் நல்ல மனிதன், ஆனால் அவளுக்கு முப்பத்தொரு வயதானபோது அவனுக்கு நெஞ்சுவலி வந்து, அவளைத் தனியே விட்டுவிட்டுச் சேமக்காலைக் கல்லறையில் போய்ப் படுத்துவிட்டான். பிள்ளை குட்டி இல்லை. தனியாக ஒரு சின்ன வீடு எடுத்து இருக்கலாமா என்று கேட்டாள். மகளே, அது உனக்கு உரியதன்று. அண்ணன் வளவுக்கு வந்தாள். நண்டுக் கொம்பனியில் சதை பிரிக்கிற வேலைக்குப் போனாள். அங்கே மேற்பார்வை வேலை தருகிறோம் என்றார்கள். கேட்டாள். உரியதன்று. பழைய ஸ்கூட்டி ஒன்று வாங்கலாமா என்றுகூடக் கேட்டாள். கடவுளுக்கு ஸ்கூட்டியோடு என்ன கோபமோ, அதுவும் உரியதன்றுதான்.

நீங்கள் கேட்பீர்கள், வருடா வருடம் அதே குரலை ஒலிபெருக்கியில் கேட்டவளுக்கு விளங்கவில்லையா என்று. விளங்கவில்லை. ஏனென்றால் அவள் அதை மறுபக்கத்தால் விளங்கி வைத்திருந்தாள். அண்ணனுடைய குரல் அசல் கடவுளுடைய குரல் மாதிரியே இருக்கிறது, அதனால்தான் அந்த வேடத்தை அண்ணனுக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? நம்மில் எத்தனை பேர் வாத்தியாரின் குரலையும் மாமியாரின் குரலையும் கும்பிட்டுக்கொண்டு திரிகிறோம்.

இப்படி இருந்தவளுக்கு நாற்பத்துமூன்றாவது வயதில் குகதாசன் வந்தார். கொம்பனிக்கு ஐஸ் கொண்டுவருகிற லொறி அவருடையது. புத்தூரில் வீடு, கொஞ்சம் வாழைத்தோட்டம், மனைவி செத்துப் பல வருடம். ஐஸ் இறக்குகிற இடத்தில் ஆரம்பித்த கதை, நண்டின் விலையில் இருந்து வாழைக்குலையின் விலைக்குப் போய், பிறகு விலையே இல்லாத விஷயங்களுக்குப் போனது. ஒரு நாள் லொறியின் பின்கதவைச் சாத்திக்கொண்டே அவர் கேட்டுவிட்டார்.

"மெற்றில்டா, எனக்குச் சுத்தி வளைச்சுக் கதைக்கத் தெரியாது. என்னோடை வந்து இருக்க உங்களுக்கு விருப்பமோ?"

"நீங்கள் சைவம்."

"ஓம். உங்களைச் சைவமாகச் சொல்லி நான் கேக்கேல்லையே. கலியாணத்தை உங்கடை கோயிலிலையே எழுதுவம்."

"எங்கடை வீட்டிலை மீன் வாசம் எண்டு உங்கடை ஆக்கள் சொல்லுவினம்."

"என்ரை அக்கா சொல்லீட்டா. நான் அவவுக்குச் சொன்னன், நான் மணந்து பாத்துத்தான் கேட்டனான் எண்டு."

மெற்றில்டாவுக்குச் சிரிப்பு முட்டியது. புருசன் போன பிறகு ஓர் ஆண்பிள்ளையின் முன்னால் அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். ஆனாலும், "நான் ஆண்டவரிட்டைக் கேக்கோணும்" என்றாள்.

"கேளுங்கோ. மறுமொழி வந்தால் எனக்கும் சொல்லுங்கோ. அந்தாள் என்னோடை கதைச்சதில்லை."

அவள் கேட்டாள். மறுமொழி உடனேயே வந்தது. க்ஹும். மகளே, அது உனக்கு உரியதன்று.

வழக்கமாக அதோடு விடுகிறவள் இந்த முறை விடவில்லை. கோயிலுக்குப் பக்கத்தில் பாதர் தங்குகிற அறைவீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். பாதர் ஜெரிசன் தை மாதம்தான் இந்தப் பங்குக்கு வந்தவர். அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். காட்சியை அவர் இன்னும் பார்த்ததில்லை, கிறிஸ்துநாயகம் மைக் பிடித்தும் கேட்டதில்லை.

"பாதர், சைவக்காரரைக் கலியாணம் முடிக்கத் திருச்சபை விடுமோ?"

"ஆயரிட்டை அனுமதி எடுத்தால் செய்யலாம் அக்கா. அது பெரிய காரியமில்லை."

"திருச்சபை விட்டாலும் ஆண்டவர் விடமாட்டனெண்டிட்டார்."

"எப்பிடித் தெரியும்?"

"சொன்னவர். காதாலை இல்லை, உள்ளுக்கை. சின்னனிலை இருந்து அப்பிடித்தான். செருமிப் போட்டுத்தான் கதைப்பார்."

பாதர் கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "செருமுவாரோ?"

"ஓம்."

"ஆண்டவர்?"

"ஓம் பாதர். ஏன், உங்களோடை கதைக்கேக்கை செருமுறேல்லையோ?"

"என்னோடை அவர் கதைக்கிறதே குறைவு அக்கா" என்றார் பாதர். அவர் நக்கலுக்குச் சொல்லவில்லை. "ஒண்டு செய்யுங்கோ. அந்தக் குரலைக் கேட்டிட்டு எழும்பி வரேக்கை உங்களுக்குள்ளை என்ன மிஞ்சுது எண்டு பாருங்கோ. ஆண்டவரும் இல்லை எண்டு சொல்லுவார்தான். ஆனால் அவர் சொல்லுற இல்லைக்குப் பிறகு மனிசர் சுருங்கிப் போறேல்லை. பிறகு, இல்லையெண்டு சொல்லிப்போட்டு ஒரு நாள் இருந்து பாருங்கோ. ஓமெண்டு சொல்லிப்போட்டு ஒரு நாள் இருந்து பாருங்கோ. மனசுக்குள்ளைதான். எந்த நாளிலை உங்களுக்கு மூச்சு விடேலுது எண்டு பாருங்கோ."

"நான் உங்களிட்டை ஓமோ இல்லையோ எண்டு கேட்டனான். நீங்கள் எனக்கு வீட்டுவேலை தந்து விடுறியள்."

"நான் ஓமெண்டு சொன்னால் உங்களுக்குள்ளை இன்னொரு குரல் கூடும், அவ்வளவுதான்."

எரிச்சலோடு எழும்பி வந்தாள். படித்த பாதரிடம் போனால் இதுதான். ஆனால் அந்த ஒரு கேள்வி மட்டும் கூடவே வந்தது, மீன்முள் மாதிரித் தொண்டையில் நின்றது. செருமுவாரோ?

அந்தக் கிழமை கோயில் மண்டபத்தில் காட்சிக்கு ஒத்திகை. வழக்கம்போல மெற்றில்டா பெரிய போத்தலில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு போனாள். மின்சாரம் நின்றுபோயிருந்தது. மைக் இல்லை, ஒலிபெருக்கி இல்லை, திரையும் இன்னும் கட்டவில்லை. அண்ணன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முக்காலியில் இருந்தார். அவருடைய கையில் அவள் கொடுத்த தேத்தண்ணி. ஏவாள் பழத்துக்குக் கை நீட்டினாள்.

"க்ஹும். மகளே, அது உனக்கு உரியதன்று" என்றார் கிறிஸ்துநாயகம். அதே மூச்சில், அதே தொனியில், "க்ஹும். மெற்றி, தேத்தண்ணிக்குச் சீனி காணாது" என்றார்.

மெற்றில்டா சீனிப் போத்தலைத் தூக்கினாள். தூக்கியபடியே நின்றாள். ஏவாள் நின்றாள், ஆதாம் நின்றான், பாம்பாக நடித்தவன் கொட்டாவி விட்டான். அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. மூன்று கரண்டி சீனி போட்டுக் கலக்கிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து கிணற்றுக்கட்டில் இருந்தாள். அங்கேதான் கோபம் வந்தது, சும்மா கோபம் இல்லை. வெள்ளைச் சீருடை போட்டிருக்க வேண்டிய கைகளைப் பார்த்தாள். நண்டுக்கோது கிழித்த கோடுகள் விரல் முழுக்க. வாங்காத ஸ்கூட்டி, இருக்காத வீடு, ஏற்காத மேற்பார்வை வேலை, எல்லாம் வரிசையில் வந்து முன்னால் நின்றன. இத்தனையையும் கடவுளுக்குக் கொடுத்தேன் என்று நினைத்திருந்தாளே, பாவி. கொடுத்தது கடவுளுக்கே இல்லை.

மறுநாள் வேலை முடிந்து கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் கோயிலுக்குப் போனாள். பின்னேர வெயில் யன்னலால் விழுந்தது. ஒருவரும் இல்லை. முழந்தாளிடவில்லை, மர வாங்கில் நிமிர்ந்து இருந்தாள். வாயெடுக்க முன்னரே உள்ளுக்குள் அது வந்தது: க்ஹும்.

"அண்ணை" என்றாள் அவள், சத்தமாகவே. "நீங்கள் கொஞ்சம் பேசாமல் இருங்கோ. நான் அவரோடை கதைக்கோணும்."

அது நின்றது. உண்மையிலேயே நின்றது. பிறகு ஒன்றும் இல்லை. அப்படி ஒரு வெறுமையை அவள் தன் பிறப்பில் கண்டதில்லை. அப்போதுதான் அவளுக்குப் பயம் பிடித்தது. அது கடவுள் இல்லையென்றால், கடவுள் தன்னோடு ஒரு நாளும் ஒரு சொல்லும் பேசவில்லை என்றல்லவா ஆகிறது? இவ்வளவு காலமும் யாருமில்லாத வீட்டின் கதவையா தட்டினாள்?

"நீங்கள் ஏன் அவரை மறிக்கேல்லை?" என்று பீடத்தைப் பார்த்துக் கேட்டாள். மரியாதை பார்க்கவில்லை. "நான் பிழையான ஆளைக் கும்பிடுறன் எண்டு தெரியுந்தானே. ஒருக்கால் எண்டாலும் மெற்றில்டா, அது நானில்லை எண்டு சொல்லியிருக்கலாமே." அழுதாள். தாதிப் பயிற்சியைச் சொன்னாள், புருசனைச் சொன்னாள், ஸ்கூட்டியையும் விடவில்லை. கடைசியில் குகதாசனைப் பற்றிச் சொன்னாள். அந்தாள் சிரிக்க வைக்கிறார் என்று சொல்லும்போது வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னாள்.

மறுமொழி வரவில்லை. ஆனால் பேசி முடித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. இவ்வளவு நேரமும் யாரும் அவளை இடையில் மறிக்கவில்லை. முந்தியெல்லாம் கேள்வி முடிய முன்னரே தீர்ப்பு வந்துவிடும். இன்றைக்குத்தான் முதல்முதலாகக் கடைசிவரைக்கும் சொல்லி முடித்திருக்கிறாள். வெறுமை என்று நினைத்தது வெறுமை இல்லை. யாரோ இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த இடத்திலேயே பாதரின் வீட்டுவேலையைச் செய்தாள். இல்லையென்று சொல்லிவிட்ட மெற்றில்டாவாக இருந்து பார்த்தாள். நாளைக் காலையில் எழும்புவது, உலை வைப்பது, ஐஸ் லொறி வருகிற நேரத்தில் உள்ளே போய் ஒளிப்பது. அவளுக்கு முதுகு தானாக வளைந்தது. பிறகு ஓமென்று சொன்ன மெற்றில்டாவாக இருந்து பார்த்தாள். பயம் வந்தது, அண்ணனின் முகம் வந்தது, ஊர் வாய் வந்தது, புத்தூர் அக்காவின் சுருங்கிய மூக்கு வந்தது. எல்லாம் வந்த பிறகும் மூச்சு வந்து போனது. இன்னொரு முறை செய்து பார்த்தாள், அவசரப்படவில்லை. அடுத்தடுத்த நாட்களிலும் வந்து இருந்து பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் மூச்சு வந்தது. அதன் பிறகுதான் வீட்டில் வாயைத் திறந்தாள்.

கிறிஸ்துநாயகம் முற்றத்தில் இருந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். மச்சாள் லூர்த்தம்மா முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தாள்.

"உவன் ஆர்?" என்றார் அண்ணன், எல்லாம் கேட்டு முடிய. "ஐஸ் லொறிக்காரன். சைவக்காரன். புத்தூரான்."

"ஓம் அண்ணை. மூண்டும் சரி."

"உனக்கு வயது என்ன?"

"அதுவும் உங்களுக்குத் தெரியும்."

அவர் வலையைக் கீழே போட்டார். "மெற்றி, நான் உன்னைத் தூக்கி வளர்த்தனான். உனக்குக் கெடுதி நினைப்பனோ? இது ஆண்டவருக்கு விருப்பமில்லை."

"உங்களிட்டைச் சொன்னவரோ?"

"ஓம். செபத்திலை கேட்டனான்."

"எப்பிடிச் சொன்னவர் அண்ணை?"

அவர் நிமிர்ந்தார். மறுமொழி சொல்ல ஆயத்தமானார். "க்ஹும்" என்றார்.

"ஆண்டவர் செருமுறேல்லை அண்ணை."

அவருக்கு விளங்கவில்லை. அவள் நின்ற நிலையில் எல்லாவற்றையும் சொன்னாள், முதல்வரிசைப் பாயில் இருந்து தேத்தண்ணிச் சீனி வரைக்கும். "இவ்வளவு காலமும் நான் உங்களைத்தான் கும்பிட்டிருக்கிறன். உங்களிலை முழுப் பிழையும் சொல்ல மாட்டன். வெளியிலை உங்களுக்கு மைக் தந்தது கோயில். எனக்குள்ளை மைக் தந்தது நான்தான். அதைத்தான் இப்ப திருப்பி வாங்கிறன்."

கிறிஸ்துநாயகம் குனிந்து வலையைத் திரும்ப எடுத்து, பொத்திய இடத்தையே மறுபடி பொத்தத் தொடங்கினார்.

"அப்ப சமையலுக்கு ஆர்?" என்றாள் லூர்த்தம்மா.

"இந்த வீட்டிலை உண்மை கதைச்சது நீங்கள் ஒராள்தான் மச்சாள்" என்றாள் மெற்றில்டா. லூர்த்தம்மா கோபிக்கவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டு, அதுவும் சரிதான் என்பதுபோலத் தலையாட்டினாள்.

அண்ணன் அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை. கலியாணத்துக்கு வரமாட்டேன் என்று கோயில் மூப்பரிடம் சொல்லி அனுப்பினார். அந்த வருடக் காட்சியில் கடவுள் செருமாமல் பேசினார் என்று சொன்னால் கதைக்கு நன்றாகத்தான் இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வழக்கம்போலச் செருமினார், ஏவாளை வழக்கம்போல வெருட்டினார். ஊர் வழக்கம்போலப் பயந்தது. மெற்றில்டா மட்டும் கச்சான்கடலை கொறித்துக்கொண்டு முதல்வரிசையில் இருந்து ரசித்தாள். அண்ணனுக்கு நல்ல குரல்தான் என்று பக்கத்தில் இருந்த குகதாசனிடம் சொன்னாள். அதில் பொய் இல்லை.

உயிர்த்த ஞாயிறு கழிந்து ஒரு சனிக்கிழமை காலையில் கலியாணம். பாதர் ஜெரிசன் முதல் நாளே இருவரையும் கூப்பிட்டு, கேள்வி கேட்பேன், 'ஆம்' என்று சொல்லவேண்டும் என்று பழக்கியிருந்தார். குகதாசன் வேட்டியில் வந்தார். அவருடைய அக்கா வந்து கடைசி வாங்கில் மூக்கைச் சுருக்காமல் இருந்தார், அது பெரிய காரியம். லூர்த்தம்மா முழங்கால் வலியோடு நொண்டி நொண்டி வந்து முன்னால் இருந்தாள். அண்ணன் கோயிலுக்குள் வரவில்லை. வராமல் வீட்டிலும் இருக்க முடியவில்லை. வெளியே வேப்பமரத்தடியில், ஒலிபெருக்கிக்குக் கீழே, யாரையோ பார்க்க வந்தவர் மாதிரி நின்றார்.

"நீங்கள் இருவரும் எவருடைய வற்புறுத்தலும் இன்றி, முழு மனச் சுதந்திரத்தோடு வந்திருக்கிறீர்களா?" என்று கேட்டார் பாதர்.

குகதாசன் மெதுவாக 'ஆம்' என்றார். பாதர் மைக்கை மெற்றில்டாவின் பக்கம் திருப்பினார். இத்தனை வருடத்தில் அவளிடம் நேருக்கு நேர் யாரும் கேட்டிராத கேள்வி அது. அவசரப்படாமல் மூச்சை இழுத்தாள். பிறகு கோயில் முழுக்கக் கேட்கும்படி செருமினாள். அதே குடும்பத்துத் தொண்டை, அதே 'க்ஹும்'. வாங்குகளில் குபீரென்று சிரிப்பு எழும்பியது. பாதருக்கும் உதடு துடித்தது.

"ஓம்" என்றாள் மெற்றில்டா.

வெளியே நின்ற கிறிஸ்துநாயகம் தன்னுடைய குரல்தான் ஒலிபெருக்கியில் போகிறது என்று நினைத்து ஒரு கணம் திடுக்கிட்டு அண்ணாந்து பார்த்தார். அது அவருடையது இல்லை.